சிமெண்டுத் தரையும் அதன் மேற்பூச்சும்

சாணமிட்டு மெழுகி வந்த மண் தரையை அகற்றிவிட்டுச் சிமெண்டுத் தரை இடுவது ஒரு குடும்பத்திற்கு வசதியை மட்டும் தரும் செயலன்று; உடல் நலத்தையும் அது காக்கிறது. மெக்சிகோ நாட்டில் கோவாவிலா மாநிலத்து அரசு ஏழை மக்களின் வீடுகளில் மண் தரைக்குப் பதிலாகச் சிமெண்டுத் தரை இட உதவிற்று. அதன் விளைவை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை, வீடு முழுவதும் தரை மாற்றப்படுவதால் சிறு குழந்தைகளிடையே குடற்புழு போன்ற ஒட்டுண்ணித் தொல்லை 78 சதவிகிதமும், வயிற்றுப்போக்கு 49 சதவிகிதமும் குறைவதாகக் கணக்கிட்டுள்ளது. தவழும் குழந்தையின் கையும் வாயும் தரையோடு எவ்வளவு நெருங்கிய உறவுடையவை என்பதை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

எனினும், தரை கழுவத்தக்கதாக நிலைத்து நின்றால்தான் இப்பயன் கிட்டும். இட்ட இரண்டாம் ஆண்டிலேயே, பெருக்குந்தோறும் தூள் விடுகின்ற தரையும், குழி விழுந்து நீர் தேங்கும் தரையும் நம் நாட்டில் அரிய காட்சிகளல்ல. களப் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் முறையீடுகள் மூன்று. தரை தூள் விடுகிறது. வெள்ளையாக உப்புப் பூக்கிறது. பூசிய வர்ணம் வெங்காயத் தோல்போல் உரிந்து வருகிறது. இவற்றுக்குச் சிமெண்டு ஆலையையோ வர்ணக் கடையையோ குறை கூறுவது வழக்கம். பெரும்பாலும் குற்றம் அங்கில்லை. தரை இட்ட முதல் பத்து நாட்களில் நடந்தவற்றிலும் நடவாதவற்றிலுமே அது இருக்கிறது.

சிமெண்டு இறுகுவது எவ்வாறு?

சேறு காய்ந்து கெட்டிப்படுவதுபோலச் சிமெண்டும் காய்ந்து கெட்டிப்படுகிறது என்பது பரவலான எண்ணம். இது முற்றிலும் தவறு. சிமெண்டில் முக்கியமாக உள்ளவை கால்சியம் சிலிக்கேட்டுகள். இவை நீருடன் இரசாயன முறையில் கூடி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய பசை போன்றதொரு பொருளை உண்டாக்குகின்றன. இப்பசையே மணலையும் ஜல்லியையும் பிணைக்கிறது. இக்கூடுகையின்போது சுண்ணாம்பும், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடும், வெளிப்படுகிறது. இந்தச் சுண்ணாம்பைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

ஆகவே நீர் சிமெண்டிற்கு உணவு போன்றது. நீர் உள்ளவரை சேர்க்கை நடைபெறும். நீர் வற்றினால் நின்றுவிடும். முதல் ஏழு நாள் ஈரம் குறையாமல் காக்கப்பட்ட கான்கிரீட்டு, 28-ஆம் நாளில் பெறவேண்டிய வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அடைந்துவிடும். இன்று வீடு கட்டப் பெரிதும் விற்பனையாகும் சாம்பல் கலந்த போஸலானா வகைச் சிமெண்டு இன்னும் மெதுவாக இறுகுவதால், அதற்கு ஏழு நாள் போதாது. பத்து நாட்களுக்குக் குறையாமல், கூடுமானால் இரண்டு வாரம், ஈரம் காக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்த காரையைத் தீப்பெட்டி அளவில் நான்கு வில்லைகளாக வார்த்து, மறுநாள் இரண்டை நீருள்ள கிண்ணத்தில் மூழ்க வைத்து, மற்ற இரண்டை வெயிலில் வைக்க வேண்டும். பத்தாம் நாள் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் உலர்த்தி, ஓர் இரும்பு ஆணியால் ஒரே அழுத்தத்துடன் கீறச் செய்க. நீரில் கிடந்தவற்றில் ஆணி வழுக்கும். வெயிலில் கிடந்தவை மாவாக உதிரும். தரை ஏன் தூள் விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

தூள் விடுவதற்கான காரணங்கள்

நீர் உணவாயினும் கலவையில் அது மிகுதல் கேடாகும். சிமெண்டு தன் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீரையே இரசாயன முறையில் பிணைத்துக்கொள்ளும். வேலை செய்வதற்கேற்ற இளக்கம் வேண்டி அதைவிடக் கூடுதலாக ஊற்றுகிறோம். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்து 25 லிட்டர் என்பது நல்ல அளவு. இதையே 35 லிட்டராக்கினால் வலிமையில் மூன்றில் ஒரு பங்கை இழக்க நேரும். கொத்தனார்க்கும் சித்தாளுக்கும் இளகிய கலவையே இழுத்துப் பரப்ப எளிதாயிருப்பதால், மேற்பார்வை இல்லாத இடத்தில் வாளி ஒன்று கூடுதலாகவே விழும். தரைக்குரிய கலவையைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் வழியலாகாது.

மிகையான நீர் கலவைக்குள் அடங்கியிராது. ஜல்லியும் மணலும் கீழே படிய, நீர் மேலே கசிந்து தரையின்மீது பளபளப்பாக நிற்கும். இந்நேரத்தில்தான் மிகப் பெரிய தவறு நிகழ்கிறது. நிற்கும் நீரை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டைத் தூவி, உடனே இரும்புக் கரண்டியால் இழுத்து மெருகேற்றுகிறார்கள். பார்வைக்குத் தரை கண்ணாடிபோல் ஆகிறது. வீட்டுக்காரரும் மகிழ்கிறார். ஆனால் அந்த மேல்தோலில் நீரும் நுண்ணிய தூளுமே மிகுந்திருக்கும். ஜல்லியின் பிடிப்பு அதற்கு இல்லை. அது காயும்போது வலைப்பின்னல்போல் மயிரிழை வெடிப்புகள் விடும். பிறகு கால்பட்டுத் தேய்ந்து தூளாகும்.

சரியான முறையில் பொறுமையே பெரிது. கலவையைப் பரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் அடித்துத் தேய்த்தபின் கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். மேலே நின்ற நீர்ப் பளபளப்பு மறைந்து, கட்டைவிரலால் அழுத்தினால் இலேசான தடம் மட்டும் பதியும் நிலை வரும். அப்பொழுதே இரும்புக் கரண்டியால் தேய்க்கத் தொடங்க வேண்டும். குளிர்காலத்தில் இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். மாலைக்குள் வேலையை முடித்துவிட விரும்பும் கொத்தனாரிடம் இதை எடுத்துரைப்பதைவிட, காலையிலேயே வேலையைத் தொடங்கச் செய்வது பயன் தரும். கடுங்கோடையில் அறையின் சன்னல்களை மூடி, வெயிலும் காற்றும் புதுத் தரைமீது படாமல் தடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில், தரை சுவடு படாத அளவு கெட்டிப்பட்டதும், ஓரங்களில் களிமண்ணால் பாத்தி கட்டி இரண்டு விரற்கடை உயரம் நீர் நிறுத்துவதே ஈரம் காப்பதற்கு மிகச் சிறந்த வழி. நாளுக்கு இருமுறை குவளையால் தெளிப்பதை ஈரம் காத்தல் என்று சொல்ல முடியாது. நடுப்பகலில் அது உலர்ந்துவிடும். நீர் அரிதான ஊர்களில் நனைத்த சாக்கைப் பரப்பி அதன்மேல் பாலிதீன் தாளை மூடிவைத்தால் சிறிதளவு நீரே பல நாள் போதும்.

அளவும் அடித்தளமும்

2016-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர் என வகுக்கப்பட்டது. அவ்வளவு பரப்பில் 40 மில்லிமீட்டர் கனத்திற்குத் தரை இட ஒரு கன மீட்டர் கான்கிரீட்டு வேண்டும். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் சிமெண்டு, மணல், ஜல்லி சேர்த்தால் சிமெண்டு ஏறத்தாழ ஆறரை மூட்டை ஆகும். பாத்தி கட்டும் களிமண்ணுக்கு விலை இல்லை. அந்தச் சிறு வேலையைச் செய்யாமையால் ஆறரை மூட்டையும் ஆள் கூலியும் வீணாவதைக் கணக்கிட்டுக் காட்டினால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

தரையின் கீழே மண்ணை நீர் விட்டு நன்றாக இடித்து, மணல் பரப்பி, அதன்மேல் ஒன்றுக்கு நான்கு, எட்டு என்ற மெலிந்த கலவையால் 10 சென்டிமீட்டர் கனத்தில் அடித்தளம் இடுவது வழக்கம். நிலத்து ஈரம் மேலேறும் இடமாயின், மணலுக்கும் அடித்தளத்திற்கும் இடையே 250 மைக்ரான் கனமுள்ள பாலிதீன் தாளை விரித்து, இணைப்புகளை ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்க வேண்டும். இதைப் பின்னர் சேர்க்க வழியில்லை என்பதை நினைவிற் கொள்க.

கான்கிரீட்டு உலரும்போது சுருங்கும். மீட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் இது இரண்டு மில்லிமீட்டர் வெடிப்பாக எங்கேனும் ஓரிடத்தில் தோன்றியே தீரும். அறையை ஒன்று அல்லது ஒன்றேகால் மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, இடையே கண்ணாடிப் பட்டையோ அலுமினியப் பட்டையோ நிறுத்தி வார்த்தால், அச்சுருக்கம் கட்டங்களின் விளிம்புகளில் பங்கிடப்பட்டு மறைந்துவிடுகிறது. கோடு அழகுக்கென்று பலர் எண்ணுகின்றனர். அழகு அதன் உபரிப் பயனே. இவ்வகைத் தரைக்கென 1970-ஆம் ஆண்டின் இந்திய நியமம் 2571 என்ற செயல்முறை விதி உண்டு; பொறியியல் நூலகங்களில் அதைக் காணலாம்.

காவித் தரை

வர்ணம் தரைமேல் பூசப்படுவதைவிடத் தரைக்குள்ளேயே கலந்திருப்பது நலம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கல்கத்தாவின் பழைய வீடுகளில் கரும் விளிம்பிட்ட சிவப்புத் தரைகளையும், கேரளத்திலும் கன்னட நாட்டிலும் தமிழகத்திலும் கால்பட்டு மெருகேறிய காவித் தரைகளையும் கண்டவர்கள் இதை ஒப்புவர். பூசிய வர்ணம் தேயத் தேய அசிங்கமாகும். காவித் தரையோ தேயத் தேய மெருகு கொள்ளும்.

இதற்குப் பயன்படும் சிவப்புத் தூள் இரும்பு ஆக்சைடாகும். அது துருவின் இனம். வெயிலுக்கும் சுண்ணாம்பின் காரத்திற்கும் அது அசையாது. ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு மூன்றரை கிலோ போதும். சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கை எக்காரணத்தாலும் தாண்டலாகாது. தூள் மிகுந்தால் நிறம் கூடாது; வலிமைதான் குறையும். ஈயச் செந்தூரத்தை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அதுவும் சிவப்பே, ஆனால் நஞ்சு. நீல நிறம் விரும்புவோர் பிரஷ்ய நீலத்தை வாங்கினால் ஏமாற்றமடைவர். காரம் அதைச் சிதைத்துப் பழுப்பாக்கிவிடும். நீற்றிய சுண்ணாம்புக் குழம்பில் எந்த நிறத்தூளையும் சில நாள் ஊறவைத்துப் பார்த்தபின் வாங்குவது அறிவுடைமை. இதையும் பள்ளியிலேயே சோதிக்கலாம்.

அறை முழுவதற்கும் வேண்டிய சிமெண்டையும் நிறத்தூளையும் ஒரே தடவையில் உலர்ந்த நிலையில் கலந்து, இருமுறை சல்லடையில் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். பகுதி பகுதியாகக் கலந்தால் கட்டத்திற்குக் கட்டம் நிறம் மாறும். கீழ்க் கான்கிரீட்டு இறுகுமுன், அது இன்னும் ஈரமாயிருக்கையிலேயே, நிறம் சேர்த்த சிமெண்டும் நுண் மணலும் கலந்த மேற்பூச்சை ஆறு மில்லிமீட்டர் கனத்தில் இட்டு, முன் கூறிய நேரம் அறிந்து தேய்க்க வேண்டும். காய்ந்த தரைமேல் மறுநாள் இடப்படும் மெல்லிய பூச்சு தட்டினால் ஓசையிடும். பிடிப்பின்றி நிற்பதன் அடையாளம் அது, ஓராண்டில் பெயர்ந்துவிடும். ஈரம் காத்து நன்றாக உலர்ந்தபின், தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லியதாகத் தேய்ப்பது தென்னாட்டுப் பெண்களின் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் பயனற்றதன்று; நுண் துளைகளை எண்ணெய் அடைத்து நிறத்தை ஆழமாக்குகிறது. மிகையாகத் தடவினால் தூசு ஒட்டும், கால் வழுக்கும்.

புதுத் தரையில் சில வாரங்களில் வெள்ளைப் படலம் தோன்றக்கூடும். முன்னர்க் கூறிய சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் கூடிக் கால்சியம் கார்பனேட்டாகப் படிவதே அது. சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதினால் பால்போல் ஆவதும் இதே நிகழ்ச்சிதான். அது நோயன்று. தொடர்ந்து ஈரத் துணியால் துடைத்துவர மறையும். ஆண்டுகள் சென்றும் ஓரிடத்திலேயே திரும்பத் திரும்பப் பூத்தால், நிலத்து ஈரம் அங்கே ஏறுகிறது என்று அறிக. காவித் தரையின்மேல் அமிலம் ஊற்றி இதை நீக்க முயல்வோர் தரையையே இழப்பர்.

இருக்கும் தரைக்கு மேற்பூச்சு

ஏற்கெனவே சிமெண்டுத் தரை உள்ள வீட்டில், அதை உடைத்து மாற்றப் பொருள் இல்லாதபோது, பூச்சே வழி. தூள் மட்டும் விடுகின்ற, ஆனால் உறுதியான தரைக்கு வர்ணம் தேவையில்லை. நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலை நான்கு பங்கு நீரில் கலந்து, கழுவி உலர்த்திய தரையில் தூரிகையால் பூசி, ஒரு நாள் விட்டு மீண்டும் பூச வேண்டும். இரண்டு மூன்று தடவை பூசினால், அது தரையிலுள்ள சுண்ணாம்புடன் கூடிக் கால்சியம் சிலிக்கேட்டாக மாறித் துளைகளை இறுக்கும். தூள் வெகுவாகக் குறையும். ஆழமாக நொறுங்கும் தரையை இது காப்பாற்றாது.

வர்ணமே வேண்டுமாயின் முதலில் தரையின் வயது, அடுத்து ஈரம், பின்னர் தூய்மை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வார்த்து 28 நாள் ஆகாத தரையில் எதையும் பூசலாகாது. ஈரத்தை அறிய, 45 சென்டிமீட்டர் சதுரப் பாலிதீன் தாளைத் தரைமேல் விரித்து நான்கு விளிம்புகளையும் ஒட்டு நாடாவால் அடைத்து ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகளோ, தரையில் கருத்த ஈரத் தடமோ காணப்பட்டால் அத்தரை வர்ணத்திற்குத் தகுதியற்றது. மழைக்காலத்தில் இச்சோதனையைச் செய்வதே சிறப்பு. கோடையில் உலர்ந்து கிடந்து ஐப்பசியில் ஊறும் தரைகள் பல. காற்றைப் புகவிடாத பூச்சை ஈரத் தரைமேல் இட்டால், கீழிருந்து வரும் ஈரம் அதைக் கொப்புளமாகத் தூக்கும்.

பூச்சின் வகையும் முக்கியம். கதவுக்கு வாங்கிய எனாமல் மிஞ்சியது என்று அதைத் தரைக்குப் பூசுவோர் உண்டு. எனாமலில் எண்ணெயின் கூறு உள்ளது. கான்கிரீட்டில் காரம் உள்ளது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பது எட்டாம் வகுப்பு மாணவனும் அறிந்த செய்தி. அங்கே நிகழ்வதும் அதுவே. வர்ணம் அடியில் பிசுபிசுத்து, பின் தகடு தகடாக எழும்பும். தரைக்கென விற்கப்படும் அக்ரிலிக் பூச்சும், இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பூச்சும் காரத்தைத் தாங்குவன. எப்பாக்சி உறுதி மிக்கது, விலையும் மிக்கது, வெயில் நேரே படும் தாழ்வாரத்தில் மஞ்சளித்து மங்கும். உறையின்மேல் ஈய அளவு பற்றிய குறிப்பையும் படித்துப் பார்க்க வேண்டும். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று 2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதி செய்து, 2017 நவம்பர் முதல் நாளிலிருந்து நடைமுறைப்படுத்தியது. அதற்கு முற்பட்ட பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு எழுப்பலாகாது.

தரையில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்க. துளி உடனே ஊறினால் வர்ணமும் ஊன்றும். முத்துப்போல் நின்றால் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. சலவைச் சோடா கரைந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி மீண்டும் சோதிக்க வேண்டும். மிக வழவழப்பான தரையை உப்புத்தாளால் நீர் விட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். இயந்திரத்தால் உலரத் தேய்ப்பது அபாயமானது. மணலிலுள்ள சிலிக்கா நுண் தூசாகி நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும்; கைக்குட்டை அதைத் தடுக்காது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரையை அரித்துச் சொரசொரப்பாக்கும் முறையும் உண்டு. வீட்டார் தாமே செய்யத்தக்கதென இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. செய்தே தீர வேண்டுமாயின், சன்னல்களைத் திறந்து, இரப்பர்க் கையுறையும் கண் கவசமும் அணிந்து, நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றியே கலக்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. பிளீச்சிங் தூள் இட்டுக் கழுவிய தரையிலோ, அத்தூள் அருகில் உள்ள இடத்திலோ அமிலம் படவே கூடாது. அவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மூடிய சிறு அறையில் அது உயிரையே பறிக்கக் கூடியது. நுரை அடங்கியபின் பன்முறை நீர் விட்டுக் கழுவி, முழுதும் உலர விட வேண்டும்.

முதல் பூச்சு மெல்லியதாக இருத்தல் நலம். ஒரே தடவையில் கனமாகப் பூசுவதைவிட இரு மெல்லிய பூச்சுகள் நெடுநாள் நிற்கும். குளியலறை வாயிலிலும் முதியோர் நடமாடும் இடங்களிலும் இரண்டாம் பூச்சு ஈரமாயிருக்கையில் சலித்த நுண் மணலை இலேசாகத் தூவிவிட வேண்டும். நனைந்த பளபளப்புத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் விபத்துகள் ஏராளம். பூசியபின் ஓரிரு நாளில் நடக்கலாம். பீரோ, கட்டில் முதலிய பாரங்களை ஒரு வாரம் கழித்தே இழுத்துவர வேண்டும்.

சிமெண்டுக் கலவையில் வெறுங்காலோடு நாள் முழுவதும் நிற்கும் சித்தாள்களுக்கு அதன் காரத்தால் தோல் வெந்து புண்ணாகும். வேலைக்கு அழைக்கும் வீட்டார் இரப்பர்க் காலணி வாங்கிக் கொடுப்பதும், கழுவ நல்ல நீர் வைப்பதும் பெரும் செலவல்ல.

காவித் தரையில் பிற்காலத்தில் ஒட்டுப் போடும்போது நிறம் பொருந்துவது அரிது. ஆதலால் முதலில் வாங்கிய நிறத்தூளில் அரைக் கிலோவை நன்றாக மூடிய டப்பாவில் எடுத்துவைத்து, எத்தனை சட்டி சிமெண்டுக்கு எவ்வளவு தூள் சேர்க்கப்பட்டது என்பதையும், சிமெண்டு எந்த வகை என்பதையும் ஒரு சீட்டில் எழுதி அந்த டப்பாவிலேயே போட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.